பலூன் திறந்த வாசல்

(காரைக்கால் பகுதி பூவத்தில் கூடிய ஆதரவாளர் ஐக்கியக் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பலூன் என்றால் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் பிள்ளைகள் கேட்டு அழுகிற பலூன்தான் நினைவுக்கு வரும். நாங்கள் பேச வந்தது இதயத்துக்குள் விரிகிற பலூனைப் பற்றி. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இதற்குப் போகிறபடியால், அது என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்று மறைக்காமல் சொல்லவேண்டியது எங்கள் கடமை.

காரியம் தொண்டையில் தொடங்குகிறது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீடுகளில் அது எளிதாய்ப் பரவும். சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இது ரூமாட்டிக் காய்ச்சல். கிருமியை எதிர்க்க எழும்பின உடம்பின் சக்தியே இதயத்தின் மைட்ரல் வால்வையும் தாக்கிவிடுகிறது. வருஷங்கள் போகப்போக வால்வின் இரண்டு மடல்களும் ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டிய வழி ஒன்றாகச் சுருங்குகிறது. இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. மாடி ஏற முடியாது, மல்லாந்து படுக்க முடியாது. கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி கூடுவதால், அநேகப் பெண்களுக்கு அப்போதுதான் நோய் வெளியே தெரிகிறது. இடுக்கமான வாசலைப் பற்றிப் பிரசங்கித்தே பழகினவர்கள் நாங்கள். வாசல் விசாலமாகவேண்டும் என்று ஜெபிக்கக் கற்றது அந்த வார்டில்தான்.

முன்னே இதற்கு விரல்தான் கருவி. 1925இல் லண்டனில் ஹென்றி சௌத்தார் என்ற அறுவை மருத்துவர் துடிக்கும் இதயத்துக்குள் விரலை நுழைத்து ஒரு இளம்பெண்ணின் வால்வை விலக்கினார். நம்முடைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஸ்டான்லி ஜானும் உடன் ஊழியர்களும் இவ்விதமாக, நெஞ்சைத் திறந்து ஆனால் இதயத்தை நிறுத்தாமல், சிகிச்சை பெற்ற 3,724 பேரின் விவரத்தை 1983இல் வெளியிட்டார்கள். ஒரு மிஷன் மருத்துவமனையில் இத்தனை பேர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு மெய் சிலிர்க்கிறது.

பலூனைக் கொண்டுவந்தவர் ஜப்பானியரான கான்ஜி இனோவே. 1982இல் முதலாவது செய்தார். அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் லாக்கும் டில்லி மருத்துவர்களும் சேர்ந்து, வேறுவகைப் பலூனால் எட்டு இளையோருக்குச் செய்ததை 1985இல் எழுதினார்கள். ஐதராபாத்தில் 60 நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பலூன், பாதிப் பேருக்குத் திறந்த அறுவை என்று செய்து பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்தும் பலூன் செய்தவர்களின் வால்வே அதிகமாய் விரிந்திருந்தது என்று 1994இல் வெளியானது.

நோயாளி விழித்தே இருப்பார். தொடை இடுக்கை மட்டும் மரத்துப்போகச் செய்து, இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்கு ஏற்றி, மேலறைகளின் நடுச்சுவரை ஊசியால் துளைத்து வால்வுக்குப் போவார்கள். பலூனை நிரப்புவது காற்றல்ல, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்துநீர். முதலில் முன்பாதி விரியும், பிறகு பின்பாதி. உடுக்கையைப்போல இடை சிறுத்து வால்வைக் கவ்விக்கொண்டதும் நடுப்பாகமும் விரிந்து ஒட்டினதைப் பிரிக்கும். சில விநாடிகள்தான். எல்லாருக்கும் இது ஏற்காது. மேலறையில் இரத்தக்கட்டி இருந்தாலோ, வால்வு சுண்ணாம்பாய் இறுகியிருந்தாலோ, கசிவு அதிகமானாலோ அறுவைதான். எங்களிடம் இதற்கான வசதி இல்லை. எக்கோ பார்த்துப் புதுச்சேரி ஜிப்மருக்கோ வேலூருக்கோ அனுப்புகிறோம். வழிச்செலவும், கூடப்போகிறவரின் சாப்பாடும் உங்கள் நிதி.

இனி எங்கள் குறையைச் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் 19 வயதுப் பெண் ஒருத்தியை அப்படி அனுப்பினோம். ஐந்தாம் நாள் தானே நடந்து வந்தாள். ஜெபக்கூட்டத்தில் நிறுத்தி ஸ்தோத்திரம் ஏறெடுத்தோம், இந்தச் செய்திமடலில் படமும் போட்டோம். பிறகு கலியாணமாகி நண்டலாற்றுக்கு அக்கரை போனாள். இங்கே புதுச்சேரி நிர்வாகம், அங்கே தமிழ்நாடு. அவளுடைய ஊசி அட்டை எங்கள் அலமாரியிலேயே தங்கிவிட்டது. யாரும் தேடிப் போகவில்லை, நாங்களும் போகவில்லை.

அந்த ஊசி பென்சிலின். 12 லட்சம் யூனிட், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நாற்பது வயதுவரையாவது, சிலருக்கு ஆயுள்முழுதும். பலூன் வழியைத் திறக்கும், ஆனால் நோயைத் தடுக்காது. ஊசி நின்றால் காய்ச்சல் மறுபடி வரலாம், வால்வு இன்னும் கெடலாம்.

ஆறாம் மாதக் கர்ப்பத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். ஏனம்மா ஊசியை விட்டாய் என்று கேட்டோம். "நல்லாயிட்டேன்னு நீங்கதானே ஐயா ஜெபத்துல சொன்னீங்க. பொறவு ஊசி எதுக்குன்னு மாமியார் கேட்டாங்க, எனக்குப் பதில் தெரியல" என்றாள். வயிற்றை ஈயத்தகட்டால் மறைத்து இரண்டாம் முறை பலூன் செய்தார்கள். தேவகிருபையால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் வால்வு தடித்துவிட்டது. இனி பலூன் இல்லை, அடுத்தது செயற்கை வால்வு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

பிரியமானவர்களே, காணிக்கை உறைகளின்மேல் "பலூனுக்கு" என்று எழுதி அனுப்புகிறீர்கள், மிக்க நன்றி. "ஊசிக்கு" என்று எழுதினவர் இதுவரை ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. ஊசிக்குப் படம் போட முடியாதுதான். ஆகிலும் இப்போது ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊழியர் ஒருவர் ஆற்றின் இரு கரையிலும் வீடுவீடாய்ப் போகிறார். ஊசிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் கொடுக்கிறோம். வாசலருகே மேசையில் உறைகள் இருக்கின்றன. தேநீர் அருந்திவிட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் மூட்டு வீங்கின பிள்ளை யாராவது இருந்தால் அந்தப் பெயரையும் எழுதித் தாருங்கள்.