கூசும் கண்கள்

கந்தோரொன்றிற் கணினித் திரையின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. பிற்பகல் மூன்று மணி. கண்ணில் மணல் விழுந்தாற்போல உறுத்துகிறது. எழுத்துகள் மங்கித் தெளிகின்றன. சன்னல் வெளிச்சமும் அவருக்குப் பகையாயிற்று. வேலைக்குச் சாட்டுச் சொல்லுகிறார் என்று அயல்மேசைக்காரர் நகைக்கின்றனர். அவர் கூறுவது சாட்டுத்தானா?

இயல்பாக மனிதன் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 15 முறை இமைக்கிறான். திரையை உற்றுநோக்கும்போதோ அது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. இமை மூடித் திறக்குந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய கண்ணீர்ப் படலம் உலர்கிறது. கிட்டிய பொருளைக் காண்பதற்காகக் கண்வில்லையைத் திரட்டும் தசையும் மணிக்கணக்காகச் சுருங்கியபடியே நிற்கிறது. உறுத்தலுக்கும் மங்கலுக்கும் இவையே பெருங் காரணங்கள்.

எழுதுவினைஞர் திரையின் ஒளியைக் குறைக்கிறார். இங்கேதான் ஒரு வேடிக்கை. பல திரைகளில் ஒளி உண்மையாகத் தணிவதில்லை. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து அணைந்து எரிகிறது. அணைந்திருக்கும் நேரம் நீள நீளத் திரை மங்கியதாகத் தோன்றும். கண் அதனை உணராது. எனினும், சிலருக்கு இத்துடிப்புத் தலையிடியைக் கொடுக்கும். நிவாரணம் தேடியவர் நோவை வருவித்துக் கொள்கிறார்!

கூச்சம் வெறும் மனப்பிரமையன்று என்பதற்கு 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து நல்ல சான்று கிடைத்தது. ஒற்றைத் தலையிடியுள்ள பார்வையற்றோரை நொசேடா, பேர்ஸ்டைன் முதலிய ஆய்வாளர் பரிசோதித்தனர். உருவம் எதனையும் காண இயலாவிடினும் ஒளியை மட்டும் உணரக் கூடியவர்களுக்கு ஒளி பட்டதும் வலி மிகுந்தது. கண்களையே இழந்தவர்களுக்கோ ஒளியால் மாற்றம் யாதும் இல்லை. விழித்திரையில் உருவங் காணும் வேலையைச் செய்யாது ஒளியின் அளவை மூளைக்கு அறிவிக்கும் தனிக் கலங்கள் உண்டு. வலியைச் சுமக்கும் நரம்புகளும் அக்கலங்களின் செய்தியும் மூளையின் ஓரிடத்திற் சந்திக்கின்றன. பார்வை இல்லாதவனையே ஒளி வருத்துமெனின், எழுதுவினைஞரை நகைத்தல் முறையாகுமா?

நீல ஒளியைத் தடுப்பதாக விற்கப்படும் மூக்குக்கண்ணாடியைப் பலர் நாடுகின்றனர். 17 பரிசோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, குறுகிய காலத்தில் அது கண் களைப்பைக் குறைப்பதாகக் காணவில்லை. பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம். 20 நிமிஷத்துக்கொருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ளதை 20 செக்கன் பார்ப்பதற்குச் செலவில்லை. சன்னல் முதுகுப்புறமோ முகத்துக்கு நேரேயோ இராது பக்கவாட்டில் இருக்கட்டும், திரை கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும், எழுத்தைப் பெருப்பித்துக்கொள்க.

கூச்சத்துக்கு அஞ்சி அறையை இருளாக்கி, வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிவது கூடாது. இருளுக்குப் பழகிய கண் முன்னிலும் அதிகமாகக் கூசும். கண் சிவந்து, வலித்து, திடீரெனக் கூசினால் அது திரையின் குற்றமென்று காத்திராமல் அன்றைக்கே கண் வைத்தியரைக் காணல் வேண்டும்.