பந்தாட்டம் காணப் பரதேசம் போவது எப்படி?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எனக்களித்த பொருளோ, கிரிக்கெட் அணியைப் பின்தொடர்ந்து அயல்நாடு செல்வோர் எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பது. காரணம் நீங்கள் அறிந்ததே. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தவிருக்கும் 2027-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைப் போட்டியை நேரிற் சென்று காண வேண்டும் என்று, நம் குடியிருப்பின் இளைஞர் ஐவர் மாதச் சீட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கின்றனர். அது கேட்ட பெரியோர் சிலர், "பந்து பார்க்கவா பறந்து போக வேண்டும்? பெட்டியைத் திறந்தால் வீட்டிலேயே தெரிகிறதே!" என்று கடிந்துகொண்டனர். இரு தரப்பாரும் என்னிடம் வழக்கைக் கொண்டுவந்தனர். இரு தரப்பிலும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தவிர, இதற்கு நடுவராக எனக்கு வேறு தகுதியில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால், அணி தோற்றாலும் தோற்காத பயணமாக அது அமைய வேண்டும். இவ்வொன்றைச் சொல்லவே நான் ஈண்டு நிற்கிறேன்.

இதனைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏனெனில் நான் தோற்றவன். 2003-ஆம் ஆண்டிலும் உலகக் கோப்பைப் போட்டி தென்னாப்பிரிக்காவிலேதான் பெரும்பாலும் நடந்தது. அதனைக் காணும் ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. இல்லாளிடம் மெய் சொல்லாமல், அவர் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, வெளியூரிலிருந்த ஒரு பயண முகவரிடம் முன்பணம் கட்டினேன். இரசீது வாங்கவில்லை. நாள் நெருங்கியபோது விசாவுக்கு விண்ணப்பமே போகவில்லை என்று தெரிந்தது, பணமும் திரும்பவில்லை. அவ்வாண்டு மார்ச்சு 23-ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க் நகரின் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 125 ஓட்டங்களில் தோற்றதை, நம் குடியிருப்பின் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னேதான் உட்கார்ந்து பார்த்தேன்.

அது பெரிய இழப்பன்று. நம் பீர்மேட்டுத் தாலுகாவில் 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலைத் தோட்டங்கள் சில மூடப்பட்டதையும், லயங்களில் அடுப்பு அணைந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் தங்கையின் வீட்டாரும் அவ்வாறு வேலையிழந்தவர்களே. ஜூன் மாதத்தில் தங்கை மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக, "மாமா" என்று வந்து வாசலில் நின்றாள். என் கையில் ஒன்றுமில்லை. ஏன் இல்லை என்று சொல்லவும் நாவெழவில்லை. அப்பெண் ஓராண்டு கழித்தே கல்லூரியில் சேர்ந்தாள். அவள் இதோ இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறாள். அவள் இசைவு பெற்றே இதனைச் சொல்கிறேன்.

ஆகவே, முதல் விதி இது: வீட்டாரறியாத பயணம் வேண்டா. செலவை வீட்டார் நடுவில் வைத்துப் பேசுக. கல்விக்கும் மருந்துக்கும் உரிய பணத்தைத் தனியே ஒதுக்குக. மிஞ்சியதிலேயே சீட்டுக் கட்டுக. கணக்குக்காக ஒருவருக்கு இரண்டு இலட்ச ரூபாய் என்று கொள்வோம். மாதம் ஐயாயிரம் சேர்ப்பவர்க்கு நாற்பது மாதம் வேண்டும்; பத்தாயிரம் சேர்ப்பவர்க்கு இருபது மாதம். உரிய நாளுக்குள் சேராதென்று தெரிந்தால் கடன் வாங்கி ஓடற்க. அடுத்த போட்டிக்குக் காத்திருக்க. கிரிக்கெட் நம் ஆயுளோடு முடிந்துபோவதன்று. ஒவ்வொரு செலவையும் எத்தனை நாட்கூலி என்று மாற்றியும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கொழுந்துக் கூடை சுமந்த தாயின் பிள்ளைக்கு அந்தக் கணக்கு விளங்குவதுபோல வேறெதுவும் விளங்காது.

இரண்டாவது விதி: உறுதியானதற்கே பணம் கட்டுக, நம்பிக்கைக்குப் பணம் கட்டற்க. 2007-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் என்ன நடந்தது? மார்ச்சு 17-இல் வங்காளதேசத்திடமும், 23-இல் இலங்கையிடமும் இந்தியா தோற்று, முதற்சுற்றோடு ஊர் திரும்பியது. மேற்சுற்றில் இந்தியா ஆடும் என்று எண்ணி முன்னரே இடம் பிடித்திருந்தோர் கையைப் பிசைந்து நின்றனர். 2027-ஆம் ஆண்டுப் போட்டிக்கு அறிவிக்கப்பட்ட முறைப்படி பதினான்கு அணிகள், இரு பிரிவுகளாக, பிரிவுக்கு ஏழாக ஆடும். அதன்படி முதற்சுற்றில் ஓர் அணிக்கு ஆறு ஆட்டங்கள் உண்டு. வென்றாலும் தோற்றாலும் அந்த ஆறும் உண்டு. அவற்றுள் இரண்டையோ மூன்றையோ தேர்ந்தெடுங்கள். இறுதி ஆட்டத்தை நம் வீட்டுப் பெட்டியிலே பார்க்கலாம்.

மூன்றாவது விதி: ஊரூராக ஓடற்க. தென்னாப்பிரிக்கா நம் மாநிலம் போன்றதன்று. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சாலை வழியே ஏறத்தாழ 570 கிலோமீட்டர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுன் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஓர் ஊரை இருப்பிடமாகக் கொண்டு, அங்கும் அதற்கு அண்மையிலும் நடக்கும் ஆட்டங்களைக் காண்பதே அறிவுடைமை. திரும்பும் நாளையும் நெருக்கிப் பிடிக்காதீர்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் 29-இல் பார்படாஸ் தீவில் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. வென்ற அணியே பெரில் என்னும் சூறாவளியால் தீவைவிட்டு வெளியேற இயலாது தங்கி, ஜூலை 4-இல்தான் தில்லி வந்து சேர்ந்தது. கோப்பை ஏந்திய கைக்கே அந்நிலையென்றால், பை சுமந்த நமக்கு இரண்டு நாள் கூடுதலாக வேண்டாவா?

நான்காவது விதி: தாள்களைப் பொன்போற் போற்றுக. தென்னாப்பிரிக்காவுக்கு நாம் செல்லுமுன் விசா பெற வேண்டும். கடவுச்சீட்டு, பயணம் முடிந்த பின்னும் குறைந்தது முப்பது நாள் செல்லத்தக்கதாகவும், வெற்றுப் பக்கம் இரண்டேனும் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். விசா கைக்கு வருமுன், பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். மலையிறங்கி நெடும்பாசேரியில் ஏறினால், வளைகுடா நாட்டு நிலையம் ஒன்றில் விமானம் மாறிச் செல்லும் வழி உண்டு. எத்தியோப்பியா, கென்யா போன்ற நாடுகளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கிச் செல்வோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசியையும் பத்து நாளுக்கு முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டச் சீட்டைப் போட்டி நடத்துவோரின் விற்பனையகத்தில் மட்டுமே வாங்குக. எதற்கும் இரசீது பெறுக. இஃது என் வாயிலிருந்து வரும் சொல் என்பதை நினைவிற் கொள்க.

சிறு செய்திகளும் சில உண்டு. அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதற்கு மூன்றரை மணி நேரம் பிந்தியது. ஊர்திகள் நம் நாட்டைப்போல இடப்புறமே செல்லும். நம் வீட்டில் பெரிய மின்கருவிகளுக்குப் போடும் பருத்த மூன்றுமுனைச் சொருகியே அங்கே பல வீடுகளில் எல்லாவற்றுக்கும் வழக்கு. அக்டோபர், நவம்பர் மாதங்கள் அங்கே வேனிலின் தொடக்கம். டர்பனில் இடியும் மழையும் வரும். குட்டிக்கானத்து மழையில் வளர்ந்தவர்க்கு அது புதிதன்று. குடை மட்டும் மறவாதீர்கள். இருட்டிய பின் தனியே நடந்து திரியாதீர்கள். அக்டோபர் இறுதியில் தீபாவளி வருகிறது. ஐவரும் போய்விட்டால் வீட்டில் முதியோர்க்குத் துணை யார் என்பதையும் இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

அன்பர்களே! இனி, இந்தப் பயணத்தைப் பந்துக்காக மட்டும் ஏன் நான் ஆதரிக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைத் துறைமுகத்திலிருந்து டுரூரோ என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் கரையை அடைந்தது. அதில் இருந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போன கூலிகள். முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். 1911-ஆம் ஆண்டு வரையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிற் பெருந்தொகையினர் தமிழ் பேசியவர்கள். நம் பாட்டன்மார் கங்காணி பின்னால் கம்பம் கடந்து, குமுளி ஏறி, இந்த மலைக்கு வந்தனர். அவர்களோ கடல் கடந்தனர். காட்டை அழித்த கை ஒன்றே. கரும்பா, தேயிலையா என்பதே வேற்றுமை.

அந்நாட்டில் நிறத்தால் மனிதரைப் பிரித்த ஆட்சி இருந்தபோது, மைதானத்திலும் அவர்கள் தனிக் கொட்டிலிலேயே அமர வேண்டும். எத்துணைத் திறமை இருப்பினும் நாட்டின் அணியில் இடமில்லை. அக்காலத்து இந்தியக் கடவுச்சீட்டில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று குறித்திருந்தனர். 1974-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்தை எட்டிய இந்தியா, எதிரி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆடவே மறுத்துக் கோப்பையைத் துறந்தது. சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய அணி அது. வென்றிருக்கக்கூடிய கோப்பையை அறத்துக்காக விட்டுவந்த பெருமை அந்த அணிக்கு உரியது.

பின்னர்க் காலம் மாறியது. 1992-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் இந்திய அணி அந்நாட்டு மண்ணில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது. பிரவீன் ஆம்ரே தம் முதல் டெஸ்டிலேயே 103 ஓட்டம் எடுத்தார். தொலைக்காட்சிப் படத்தைக் கொண்டு மூன்றாம் நடுவர் தீர்ப்புச் சொன்ன முறை தொடங்கியதும் அங்கேதான். அத்தீர்ப்பால் முதலில் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆயினும், தனிக் கொட்டிலில் உட்கார்ந்து பழகிய ஒரு முதியவர் அன்று எந்த இருக்கையிலும் உட்காரலாம் என்னும் நிலை வந்ததே, அதனினும் பெரிய வெற்றி வேறுண்டோ?

டர்பனில் பிறந்த தமிழ் வழியினர் செனுரன் முத்துசாமி. அவர் 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அவர் வீழ்த்திய முதல் விக்கெட் விராத் கோலியினுடையது. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் குவாகாத்தியில் நம் அணிக்கு எதிராகவே 109 ஓட்டம் அடித்தார். நாளை அவரைப் போன்றவர் எதிரணியில் மட்டை பிடித்தால் நாம் என் செய்வது என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நம் அணி அவரை வீழ்த்தினாற் கைதட்டுக. அவர் நன்கு ஆடினாலும் கைதட்டுக. கை நம்முடையதுதானே!

ஆட்டமில்லா நாட்களில், டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்புத் தோட்டத்தார் எழுப்பிய மாரியம்மன் கோவிலுக்குச் செல்க. 1893-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியடிகளை இரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தையும் காண்க. ஜோகன்னஸ்பர்க் சென்றால், பிராம்ஃபொன்டெயின் இடுகாட்டில், 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் உயிர் துறந்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையில் ஒரு பூ வைத்து வருக. இவற்றுக்குச் சீட்டு விலை கிடையாது. எந்த அணி தோற்றாலும் இவை தோற்பதில்லை.

பெரியோர்களே! பிழைப்புக்காகவே ஊர்விட்டு ஊர் சென்ற குலம் நம்முடையது. பசி துரத்தாமல், கடன் துரத்தாமல், கங்காணி அழைக்காமல், தன் பணத்தில், தன் மனத்தால் ஒரு பிள்ளை இந்த மலையிறங்கிக் கடல் தாண்டிப் போய், ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறானென்றால், அது வீண் செலவு ஆகுமா? ஒழுங்காகப் போனால் ஆகாது. ஒழுங்கின்றிப் போனால் என் கதையாகும்.

இறுதியாக ஒரு செய்தி. இளைஞரின் சீட்டுக் கணக்கை எழுதுவதற்கு நம்பிக்கையான ஒருவரைத் தேடினார்கள். முன்வந்தவள், அன்று கட்டணத்துக்காக என் வாசலில் நின்ற அந்தத் தங்கை மகளேதான். "மாமா, இவர்கள் போய் வரட்டும், ஆனால் இரசீது இல்லாமல் ஒரு காசு வெளியே போகாது" என்றாள். இவ்வழக்கில் என் தீர்ப்பினும் அவள் சொல் சிறந்தது. அதனையே இந்தச் சபையின் தீர்ப்பாகக் கொள்ள வேண்டுகிறேன்.