கர்ப்பப்பைப் புற்றும் கர்மவினையும்
(சொற்பொழிவு)



ஜாதி ஒழிப்பைப் பற்றியும் புரோகிதப் புரட்டைப் பற்றியும் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருக்கிற உங்களுக்கு, நான் இன்று ஒரு வைத்திய விஷயத்தைப் பற்றிப் பேசப் போவது சற்று விசித்திரமாகத் தோன்றலாம். அதிலும் பெண்களுடைய கர்ப்பப்பை வாயில் உண்டாகிற புற்று வியாதியைப் பற்றியும், அதற்கு உடம்புக்குள்ளேயே கதிர் வீசும் பொருளை வைத்துச் செய்கிற சிகிச்சையைப் பற்றியும் பேசப் போகிறேன். மேடை ஏறுவதற்கு முன் ஒரு நண்பர் என் காதோடு, "தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் இதையெல்லாம் பேசலாமா?" என்று கேட்டார். தோழர்களே! தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காகத்தான் பேசுகிறேன். தாய்மார்களுக்கு வருகிற வியாதியைத் தாய்மார்கள் இல்லாத இடத்தில் பேசி என்ன பிரயோஜனம்?

முதலில் ஒரு சங்கதி சொல்லுகிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தீட்டு நின்று போன பிறகு மறுபடியும் இரத்தம் பட ஆரம்பித்தது. ஆறேழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நாற்றம் வந்து மறைக்க முடியாமற் போன பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. மந்திரிக்கிறவன் வந்து தாயத்துக் கட்டினான். ஜோசியன் வந்து, போன ஜென்மத்தில் செய்த பாவம் என்றான். பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே பரிசோதித்து, வெளியிலிருந்து கரண்ட் வைத்தார்கள். ஐந்து வாரம் சிகிச்சை நடந்தது. இரத்தம் நின்றது. டாக்டர், "இத்துடன் முடியவில்லை, இனிமேல் உள்ளே வைக்கிற கரண்ட் இருக்கிறது, அதற்கு வர வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லியனுப்பினார். அந்த அம்மாள் திரும்பிப் போகவே இல்லை. மாமியார் ஏற்கெனவே அம்மனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். "அம்மன் கண் திறந்துவிட்டாள், இன்னும் என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றார். புருஷனோ, "உள்ளே கருவி வைப்பார்களாம், ஆம்பிளை டாக்டராம், அந்த வெட்கக்கேடு நமக்கு வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிடா வெட்டி விருந்து நடந்தது. நானும் அந்த விருந்துக்கு அழைக்கப்பட்டவன்தான். ஒன்றரை வருஷத்தில் அந்த அம்மாள் இறந்து போனார்.

இதில் அம்மன் என்ன செய்தாள், கரண்ட் என்ன செய்தது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். இரத்தத்தை நிறுத்தியது கரண்ட். பெயர் வாங்கியது அம்மன். செத்தது அந்த அம்மாள். செத்த பிறகும் அம்மன் மேல் யாரும் குறை சொல்லவில்லை. "அவள் விதி" என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த விதி, கர்மவினை என்பதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம். போன ஜென்மப் பாவத்தால்தான் இந்த வியாதி வருகிறதென்றால், போன ஜென்மத்தையே ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவப் பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் ஏன் வருகிறது? அர்ச்சகர் வீட்டுப் பெண்களை ஏன் விட்டுவைப்பதில்லை? அப்படியில்லாமல், இது ஒரு கிருமியால், பாப்பிலோமா வைரஸ் என்பதால், வருகிறதென்று ஜெர்மனியைச் சேர்ந்த ஹெரால்ட் சூர் ஹவுசன் என்பவர் கண்டுபிடித்தார். 2008ல் அவருக்கு நோபெல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கிருமி ஆண் பெண் சேர்க்கையால் பரவுவது. உடனே சில யோக்கியர்கள், "அப்படியானால் அவள் நடத்தை கெட்டவள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தோழர்களே! இது மிக மிகச் சாதாரணமாகப் பரவுகிற கிருமி. புருஷனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் புருஷன் மூலமாகவே வரும். பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குத் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாகும். இதில் பெண்ணின் கற்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆணின் கற்பைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போகிறேன்.

2022ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் ஒரு வருஷத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்த வியாதி கண்டிருக்கிறது. ஏறக்குறைய 80,000 பேர் செத்திருக்கிறார்கள்.

நிற்க, உள்ளே வைப்பது எதற்காக என்பதைச் சொல்லுகிறேன். இங்கே எரிகிற இந்த விளக்கைப் பாருங்கள். விளக்குக்கு ஒரு முழ தூரத்தில் புத்தகத்தைப் பிடித்தால் ஒரு அளவு வெளிச்சம் விழுகிறது. இரண்டு முழ தூரத்துக்குப் போனால் பாதி வெளிச்சம்தானே என்று நினைப்பீர்கள். அப்படியல்ல, கால் பங்குதான் விழும். ஐந்து முழம் போனால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கதிர் வீசும் சிறு பொருளுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். வெளியிலிருந்து கதிரை அனுப்பினால் அது தோலையும், மூத்திரப்பையையும், மலக்குடலையும் கடந்துதான் புற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். புற்று முழுவதும் சாகிற அளவுக்கு வெளியிலிருந்தே கொடுத்தால் நடுவிலிருக்கிற நல்ல உறுப்புகளும் வெந்து போகும். ஆனால் கதிர்ப் பொருளைப் புற்றின் நடுவிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டால், பக்கத்திலிருக்கிற புற்றுக்கு முழு வேகமும், சில விரற்கடை தள்ளியிருக்கிற உறுப்புக்கு மிகக் குறைந்த வேகமும் கிடைக்கும். கர்ப்பப்பைக்கோ இயற்கையாகவே வாசல் இருக்கிறது. கத்தி வைத்துக் கிழிக்க வேண்டிய அவசியமில்லை. இந்த முறைக்கு பிராக்கிதெரபி என்று பெயர். பிராக்கி என்றால் கிரேக்க பாஷையில் குறுகிய என்று அர்த்தம். அவ்வளவுதான், இதில் யாதொரு மந்திரமும் கிடையாது.

இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது? யாராவது ரிஷி காட்டில் தவமிருந்து வரம் வாங்கி வந்தாரா? இல்லை. 1898ல் பாரிஸ் நகரத்தில் மேரி கியூரி என்ற அம்மையாரும் அவர் கணவர் பியேர் கியூரியும் ரேடியம் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். பெக்கரல் என்பவர் சிறிது ரேடியத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சில நாளில் அந்த இடத்துத் தோல் வெந்து புண்ணாயிற்று. பியேர் கியூரி, இது உண்மைதானா என்று பார்ப்பதற்காகத் தம்முடைய கையிலேயே ரேடியத்தை வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு, அது ஆறுகிற விதத்தை நாள்தோறும் குறித்து வைத்தார். நம்முடைய ஆட்களாயிருந்தால் அதற்கு ஒரு கோயில் கட்டி, புண் வந்தது சாமி குற்றம் என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள், நல்ல தோலைச் சுடுகிற பொருள் கெட்ட சதையையும் சுடுமல்லவா என்று யோசித்தார்கள். 1901ல் பாரிஸில் டான்லோ என்ற வைத்தியர் தோல் வியாதிக்கு ரேடியத்தை வைத்துப் பார்த்தார். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், சிறு ரேடியத் துண்டைக் கண்ணாடிக் குழாயில் அடைத்துப் புற்றின் நடுவிலேயே சொருகினால் என்ன என்று 1903ல் எழுதினார். அதே வருஷத்தில் நியூயார்க்கில் மார்கரெட் கிளீவ்ஸ் என்ற பெண் டாக்டர் கர்ப்பப்பைப் புற்றுக்கு ரேடியத்தை உள்ளே வைத்துச் சிகிச்சை செய்தார்.

பெண் டாக்டர் என்று சொன்னதைக் கவனியுங்கள். மேரி கியூரியைப் பிரெஞ்சு விஞ்ஞான சபை 1911ல் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. அவர் பெண் என்பதே அங்கே பெரிய ஆட்சேபணையாக இருந்தது. அதே வருஷக் கடைசியில் அவருக்கு இரண்டாவது நோபெல் பரிசு கிடைத்தது! வைதீகம் என்பது நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல.

அந்தக் காலத்துச் சிகிச்சை மிகவும் கஷ்டமானது. ரேடிய ஊசிகளையும் குழாய்களையும் டாக்டர்களும் நர்ஸ்களும் இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். நோயாளி நாள் கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வைத்தியம் செய்தவர்களே கை விரல்கள் கருகிக் கஷ்டப்பட்டார்கள். மேரி கியூரியும் இரத்தம் ஊறாத வியாதியால் 1934ல் இறந்தார். பின்னர், முதலில் வெறுங்குழாயை மட்டும் உள்ளே பொருத்திவிட்டுக் கடைசியில் கதிர்ப் பொருளை அதற்குள் செலுத்துகிற முறை வந்தது. 1960களில் அதைத் தூரத்திலிருந்தே யந்திரத்தால் செலுத்த ஆரம்பித்தார்கள்.

இப்போது நடப்பது என்னவென்றால், நோயாளிக்கு வலி தெரியாமல் மருந்து கொடுத்து, மெல்லிய குழாய்களை உள்ளே பொருத்துகிறார்கள். படம் எடுத்துப் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை வினாடி என்று கணக்குப் போடுகிறார்கள். பிறகு எல்லோரும் அறைக்கு வெளியே வந்து கதவை மூடிக்கொள்ளுகிறார்கள். கனமான உலோகப் பெட்டிக்குள் இரிடியம் என்ற பொருள் இருக்கிறது. அது ஒரு அரிசி மணியை விடச் சிறியது. இரும்புக் கம்பி நுனியில் பற்ற வைத்திருக்கும். முதலில் கதிரில்லாத ஒரு வெறுங்கம்பி போய் வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும். அப்புறம் அந்த மணி போய், கணக்குப்படி ஒவ்வொரு இடத்திலும் சில சில வினாடி நின்றுவிட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும். கதிர் வீசுவது சில நிமிஷந்தான். இப்படிச் சாதாரணமாக மூன்று நான்கு தடவை. இரிடியத்தின் வேகம் 74 நாளில் பாதியாகிவிடுவதால் ஆஸ்பத்திரிக்காரர்கள் சில மாதத்துக்கொரு முறை அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மணி பெட்டிக்குத் திரும்பின பிறகு அந்தப் பெண்ணின் உடம்பில் கதிர் ஏதும் தங்குவதில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிடலாம், குழந்தையை மடியில் கொடுக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். விளக்கை எடுத்துக்கொண்டு போன அறையில் வெளிச்சம் தங்குமா? தனித் தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்கி வைப்பது நம்முடைய பழைய தீண்டாமைப் புத்திதானே ஒழிய விஞ்ஞானமல்ல. ஆண்களுக்கு வருகிற பிராஸ்டேட் புற்றுக்கு அயோடின் மணிகளை நிரந்தரமாக உள்ளேயே விட்டுவிடுகிற வேறொரு முறை உண்டு. அதற்கு மட்டும் கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் சில காலம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தவிரவும், விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னால் எதையும் நம்பிவிடலாமென்று நான் சொல்ல வரவில்லை. ரேடியத்துக்குப் பெயர் வந்தவுடன், அமெரிக்காவில் டாக்டரே அல்லாத ஒருவன் ரேடியம் கலந்த தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துச் சகல வியாதிக்கும் மருந்தென்று விற்றான். நம்மூர்த் தீர்த்தம் போலத்தான். அங்கே ஈபன் பையர்ஸ் என்ற பணக்காரர் அதை ஆயிரம் பாட்டிலுக்கு மேல் குடித்து, தாடை எலும்பு உளுத்து, 1932ல் செத்தார். யந்திரத்தையும் சாமியாக்கிவிடக் கூடாது. 1992ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இதே மாதிரி சிகிச்சை நடந்தபோது, இரிடியம் மணி கம்பியிலிருந்து முறிந்து ஒரு கிழவியின் உடம்பிலேயே தங்கிவிட்டது. சுவரிலிருந்த எச்சரிக்கைக் கருவி 'ஆபத்து' என்று விளக்குக் காட்டியது. ஆனால் யந்திரமோ மணி பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதாகக் காட்டியது. அங்கிருந்தவர்கள் யந்திரத்தை நம்பி, எச்சரிக்கைக் கருவிதான் கெட்டுப்போயிற்று என்று முடிவு செய்தார்கள். கையில் எடுத்து அளந்து பார்க்கக்கூடிய கருவி இருந்தும் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அந்தக் கிழவி சில நாளில் இறந்து போனார். குப்பை எரிக்கிற இடத்திலிருந்த கருவி கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஆனால் அவர்கள் அதை விதி என்று சொல்லி விட்டுவிடவில்லை. அரசாங்கம் விசாரித்து, எங்கே தப்பு நடந்தது என்று அச்சுப்போட்டு உலகத்துக்கே சொன்னார்கள். எந்தக் கோயிலிலாவது, இந்த வேண்டுதல் பலிக்கவில்லை, காரணம் இன்னது என்று அச்சுப்போட்டுச் சொன்னதுண்டா?

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். தேவதாசி முறை ஒழிய வேண்டுமென்று சட்டசபையில் போராடினாரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அவருடைய தங்கை 1923ல் புற்று நோயால் இறந்தார். பொட்டுக் கட்டும் கொடுமை ஒழிய வேண்டுமென்று நம் இயக்கத்தாரும் கூட்டந்தோறும் சொல்லி வந்தார்கள். 1947ல் சட்டம் வந்தது. அதோடு அந்த அம்மையார் ஓய்ந்துவிடவில்லை. 1954ல் சென்னை அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். ஆரம்பத்தில் பன்னிரண்டே படுக்கை. பெண்களைக் கடவுளுக்குக் கட்டிவைக்கிற பாவத்தையும், பெண்களை நோய்க்குப் பலி கொடுக்கிற பாவத்தையும் ஒரே அம்மையார் எதிர்த்து நின்றார் என்பது தற்செயலான காரியமல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால் தாய்மார்களே! தீட்டு நின்ற பிறகு இரத்தம் பட்டாலும், புருஷனோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டாலும், துர்நாற்றத்துடன் வெள்ளை பட்டாலும் வெட்கப்படாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் இல்லாத காலத்திலேயே முப்பது வயதுக்கு மேல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில நிமிஷ வேலை. பெண் குழந்தைகளுக்குத் தடுப்பு ஊசி இருக்கிறது. ஆண்களே! உங்கள் மனைவிக்கு வெளிக் கரண்ட் முடிந்து இரத்தம் நின்றுவிட்டதென்றால், அது பாதிக் கிணறுதான். இரண்டும் செய்துகொண்டவர்கள், உள்ளே வைப்பதை விட்டுவிட்டவர்களை விட அதிகம் பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று 2013ல் அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கையில் பணமில்லை என்பவர்களுக்கு அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்று நோய்ச் சிகிச்சை சேர்ந்திருக்கிறது. டாக்டர் ஆணா பெண்ணா என்று பார்க்கிறீர்கள். பெண் டாக்டர்தான் வேண்டுமென்றால் உங்கள் பெண்ணைப் படிக்க வையுங்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் அம்மையார் ஒருவர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பெயர் போட வேண்டியதில்லை. எழுதத் தெரியாத தாய்மார்கள் கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மையாரோடு அந்தப் பள்ளிக்கூடத்து அறையில் தனியாகப் பேசலாம். ஆண்கள் அதுவரை வெளியில் நின்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.