தையலா, பசையா? துளைக்காயத்தை மூட எது சிறந்தது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பித்தப்பைக் கல்லுக்கு முன்பு வயிற்றில் ஒரு சாண் நீளம் கீறினார்கள். இன்று 5 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான சில துளைகள் போதும். இளமையில் மலேசியாவில் தோட்டத் தொழிலாளியாக உழைத்து, பின்பு தமிழகம் திரும்பிப் படித்த மருத்துவர் பழனிவேலு, கோயம்புத்தூரில் இந்த லாப்ராஸ்கோப்பி முறையைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர்.

துளை சிறியதுதான். அதை எப்படி மூடுவது?

நைலான் தையலையும் ஸ்டேப்பிளையும் பிறகு பிரிக்க வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் இருப்பது மனநல மருத்துவமனை. அறுவைக்கு நாம் ஈப்போவுக்குத்தான் போகிறோம். தையல் பிரிக்க மீண்டும் அலைந்தால், நாள் சம்பளக்காரருக்கு ஒருநாள் கூலி போய்விடும். தோலுக்கடியில் போடும் கரையும் தையலுக்கு அந்த அலைச்சல் இல்லை.

அடுத்தது மருத்துவப் பசை. தோலில் பயன்படுத்த அமெரிக்கா 1998இல் இதற்கு அனுமதி தந்தது. ஊசி குத்தல் இல்லை. 5 முதல் 10 நாளில் தானே உதிர்ந்துவிடும். ஆனால் அறுவைக் காயங்கள் பற்றிய 33 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த காக்ரேன் அறிக்கை, காயம் பிரியாமல் காப்பதில் தையலே மேல் என்றது. பசைக்குப் பதில் தையல் போட்டால், ஏறக்குறைய 43 பேரில் ஒருவருக்குக் காயம் பிரிவது தவிர்க்கப்படுகிறது. கிருமித்தொற்றில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, தோல் இழுபடாத சிறு துளைக்குப் பசை போதும். இழுபடும் இடத்திற்குத் தையலே நல்லது. காகித ஒட்டுப்பட்டை மலிவு. ஆனால் வியர்வையில் கழன்றுவிடும்.

இன்னொன்று. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளையில், தோலுக்கு அடியிலுள்ள உறுதியான சவ்வையும் பொதுவாகத் தைக்க வேண்டும். தைக்காவிட்டால் பின்னர் அங்கே குடல் பிதுங்கலாம். வெளியே தெரியும் தழும்பை விட இதுவே முக்கியம்.

வீட்டில் பெரியவர்கள் அன்போடு மஞ்சளும் எண்ணெயும் தடவ வருவார்கள். வேண்டாம்! எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு மருத்துவப் பசையைத் தளர்த்திவிடும். கடையில் விற்கும் சூப்பர் குளூவைக் காயத்தில் தொடவே கூடாது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீடு திரும்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதைக் கொண்டு மூடினீர்கள்? பிரிக்க வேண்டுமா? எப்போது குளிக்கலாம்? காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.