கேரம் பலகைக்கும் ஒரு பாடு
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கா சங்கம் கூடியது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காற்றும் மழையுமாய் வலைகள் கரையேறிக் கிடக்கும் நாட்களில் நமது வாலிபர்கள் எங்கே, யாருடன் உட்காருகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் அவ்விதம் சுளிக்கமாட்டார்கள்.

தாயத்திற்கும் ஆடுபுலிக்கும் மணலிலே கட்டம் கீறினால் போதும். கேரம் அப்படியன்று. பலகைக்குப் பணம் வேண்டும். 74 சென்டிமீட்டர் சதுரமான அதன் முகம் ஏரிக்காற்றின் ஈரம் ஏறினால் உப்பிக்கொள்ளும், காய் ஓடாது. எனினும் பலகையைக் கெடுப்பது ஈரம் மட்டுமன்று. முதல் மாதம் ஊரே கூடும். இரண்டாம் மாதம் நன்றாக ஆடும் நால்வர் இடத்தை விட்டு எழுவதில்லை. மூன்றாம் மாதம் காசு வைத்து ஆடுவார்கள். அப்பால் தகப்பன்மார் பிள்ளைகளை அனுப்புவதில்லை. பலகையும் சுவரோரம் சாய்ந்து கறையானுக்கு இரையாகும். இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

இதற்கு மருந்து நம்மிடமே உண்டு. ஏரியில் வலையிடும் இடங்களை வலியவன் ஒருவனே கைக்கொள்ளாதபடி, சீட்டெடுத்து முறைவைத்துப் பகிரும் பாடு முறை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வழிவழியாய் வந்ததன்றோ? பலகைக்கும் அவ்விதமே சீட்டெடுப்போம். காசு வைத்து ஆடியவர் தம் பாட்டை இழப்பார்.

ஆனால் ஒன்று. ஏரிப் பாடு ஆண்மக்களுக்கே உரியது. எல்லாக் குப்பத்தாருக்கும் உரியதுமன்று. அதனால் விளைந்த மனக்கசப்பை நாம் அறிவோம். பலகைப் பாட்டிற்கு அந்த வழக்கம் வேண்டாம். பெண்மக்களின் பெயரும், பாடில்லாத குப்பத்துப் பிள்ளைகளின் பெயரும் அதே குடத்தில் விழவேண்டும்.

பெண்மக்களுக்குக் கேரம் எதற்கு என்பாருக்கு ஒரு செய்தி. வடசென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒரு தகப்பனார் செரியன் நகரில் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்றி வந்தார். அவருடைய புதல்வி காசிமா 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 3 தங்கப் பதக்கங்கள் வென்றார். அதற்கு முன்னரே 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் பெற்று, 1996ஆம் ஆண்டிற்குரிய அர்ஜுனா விருதையும் அடைந்த மரிய இருதயமும் சென்னையைச் சேர்ந்தவரே. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் தோன்றியதும் அந்நகரிலேதான். பழவேற்காட்டிலிருந்து அது எட்டாத தூரமா?

பவுடருக்கும் விளக்குக்கும் தலைக்கட்டு வரியிலிருந்து சிறிது ஒதுக்கலாம். பெண்மக்களின் முறை விளக்கு வைக்குமுன் முடிதல் நலம். கூடத்தின் சாவியைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு பிடிவாதமுண்டு: நன்றாக ஆடுகிறவரிடம் அதைக் கொடுக்கலாகாது; கொடுத்தால் அவருடைய கூட்டாளிகளுக்கே கதவு திறக்கும். ஆடத் தெரியாத ஒரு தாயாரிடம் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, ஊர்தோறும் பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்ளுகிறேன். குடம் நான் கொண்டுவருகிறேன்.