அட்டைப் பிரமிடும் அறிவியல் சோதனையும்



வீட்டு மூலையில் செம்புப் பிரமிடு ஒன்றை வைத்தால் பிணி நீங்கும், கடன் தீரும் என்று சொல்லி நாடெங்கும் வாஸ்து வணிகம் நடைபெறுகிறது. அதற்குச் சான்றாக ஒரு காப்புரிமை காட்டப்படுகிறது. செக்கோஸ்லோவாக்கிய வானொலிப் பொறியாளர் காரல் டர்பல் 1949இல் விண்ணப்பித்து 1959இல் அதனைப் பெற்றார். பிரமிடு வடிவ உறைக்குள் வைத்த சவர பிளேடின் கூர்மை நீடிக்கும் என்பது அவர் கூற்று. ‘சோஷலிச நாடே ஏற்றுக்கொண்டதே’ என்ற வினாவும் எழுப்பப்படுகிறது.

இவ்வினாவைத் தட்டிக்கழிக்கக் கூடாது. காப்புரிமை என்பது ஒரு சாதனத்தின் மீதான உரிமைப் பதிவு. அதனை வழங்கியது எந்த அரசாயினும், இயற்கை விதி அதனால் மெய்ப்பிக்கப்படுவதில்லை. உண்மைக்கு உரைகல் நடைமுறையே என்பது பொருள்முதல்வாதத்தின் அடிப்படைப் பாடம்.

பலர் அட்டையில் பிரமிடு செய்து, வடதிசை பார்த்து நிறுத்தி, உள்ளே பழத்துண்டை வைக்கின்றனர். அது அழுகாமல் உலர்ந்ததும் ஆற்றல் மெய்யென நம்புகின்றனர். காற்றோட்டமும் வறட்சியும் இருந்தால் வெளியிலும் பழம் உலரும். ஆகவே, அதே அட்டையில் அதே கொள்ளளவுள்ள சதுரப் பெட்டி ஒன்றும் வேண்டும். ஒரே பழத்தின் சம எடைத் துண்டுகள் இரண்டிலும் வைக்கப்பட வேண்டும். எடை பார்ப்பவருக்கு எது எதிலிருந்து வந்தது என்பது தெரியக் கூடாது. சோதனையைப் பன்முறை செய்து, சாதகமற்ற முடிவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தகைய ஒப்பீட்டில் பிரமிடு வடிவத்துக்கெனத் தனி ஆற்றல் எதுவும் இதுவரை நிலைநாட்டப்படவில்லை.

எகிப்தியர் தம் அரசர்களின் உடலைப் பதப்படுத்தியது நாட்ரான் என்னும் உப்பினால். கீசாவின் பெரும் பிரமிடை எழுப்பிய ஆற்றல் எது என்பதற்கும் சான்று உண்டு. செங்கடற்கரையில் 2013இல் கண்டெடுக்கப்பட்ட பாப்பிரஸ் ஏடுகளில், தூராச் சுரங்கத்துச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுசென்ற உழைப்பாளர் குழுவின் நாட்குறிப்பு உள்ளது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 51அ(ஏ) உட்பிரிவு. மருத்துவத்துக்குச் செலவிட வேண்டிய கூலிப்பணம் செம்புத் தகட்டுக்குப் போகும்போது, அக்கடமை வர்க்கக் கடமையும் ஆகிறது. நம்புகிறவரை எள்ளி நகையாடுவதால் பயனில்லை. தராசை அவர் கையிலேயே கொடுங்கள். இரு துண்டுகளையும் அவரே நிறுத்துப் பார்க்கட்டும்.