தடைச் சட்டமும் நமது நன்கொடையும்
(இலண்டன், ஃபாரஸ்ட் கேட்டில் ஆற்றப்பட்ட உரை)



2006 யூன் 2ஆம் நாள் விடியற்காலையில், இதே ஃபாரஸ்ட் கேட்டில் ஏறத்தாழ 250 காவலர்கள் திரண்டு வந்து சோதனை நடத்தினர். இரசாயன ஆயுதம் இருப்பதாகக் கிடைத்த உளவுத் தகவலே காரணம். ஓர் இளைஞர் சுடப்பட்டுக் காயமுற்றார். ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. கைதான சகோதரர் இருவரும் பயங்கரவாதக் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டனர். காவல்துறை மன்னிப்புக் கோரியது.

தீவிரவாதத்தை ஒடுக்குவது அரசின் கடமையே. ஆயின், ஐயத்தின் பேரில் கதவை உடைப்பதைவிடப் பணம் செல்லும் வழியை அடைப்பதே பயன் தரும். பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டம் இயக்கங்களைத் தடைசெய்ய வழி வகுத்தது. பயங்கரவாதத்திற்குப் பயன்படக்கூடும் என ஐயுற நியாயமான காரணம் இருந்தும் பணம் கொடுப்பவருக்கு, 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். 2001இல் விடுதலைப் புலிகள் இயக்கமும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அதே சட்டம் முறையீட்டு உரிமையையும் அளித்தது. அவ்வழியே வழக்காடிய ஈரானின் மக்கள் முஜாகிதீன் அமைப்பு 2008இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தவறைத் திருத்திக்கொள்ளும் சட்டத்தையே மக்கள் நம்புவர். மக்கள் நம்பாத தடை பலிப்பதில்லை.

நமக்கும் கடமை உண்டு. உண்டியல் நீட்டப்படும்போது பதிவெண்ணையும் கணக்கறிக்கையையும் தயங்காது கேளுங்கள்; அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள். தாயகத்தில் துயருறும் உறவுகளிடம் அப்பணம் சென்றுசேர அதுவே காப்பு.